எட்டு இரவு, மூன்று நகரம்: இத்தாலியில் நாட்களைப் பங்கிடுதல்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையையோ சகோதரத்தையோ பார்த்துவர எமது பெண்கள் பலர் இப்போது பயணம் செய்கிறார்கள். ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எத்தனை நாள், எந்த ஊர், எங்கே தங்குவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வருவதற்கான விமானப் பதிவும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் அதனுடன் சேர வேண்டும். இந்தக் கடதாசிகளை அநேகமாக அங்கே இருப்பவர்கள்தான் தயார் செய்கிறார்கள். போகப்போகும் அம்மாவிடம் "எங்கே போக விருப்பம்?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "உங்களுக்கு எது வசதியோ அது" என்பதே பதிலாக இருக்கும். பத்து நாளில் பத்து ஊர் ஓடி, ஒவ்வொரு கோபுரத்தின் முன்னாலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கால் வீங்கி வீடு திரும்பும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

நாட்களைப் பங்கிடுவதில் போகிற பெண்ணுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2023 ஒக்டோபரில் என் பெரியம்மாவுக்குத் துணையாக இத்தாலிக்குப் போனேன். பெரியம்மாவுக்கு 66 வயது. முழங்கால் வருத்தம் உண்டு. அவருடைய மகள், எனக்குத் தங்கை, ரோமில் ஒரு முதிய பெண்ணைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள். எங்களோடு ஊர் சுற்ற அவளுக்கு ஒன்பது நாள் லீவு கிடைத்திருந்தது. அவள் கையில் இருந்த பட்டியலிலோ ரோம், நேப்பிள்ஸ், பீசா, புளோரன்ஸ், பொலோஞ்ஞா, மிலான், வெனிஸ், பாதுவா என்று எட்டு ஊர்கள் இருந்தன.

லீவு ஓர் உரிமை

தங்கை ஒன்பது நாள் கேட்டு வாங்கியதைப் பெரியம்மா முதலில் விரும்பவில்லை. "வேலை குடுத்த வீட்டில மனம் கோணப் போகுது பிள்ளை" என்றார். வீட்டு வேலைக்கும் லீவுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துப் பழகிய சமூகம் எங்களுடையது. இத்தாலியின் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 1948 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசியலமைப்பின் 36ஆம் உறுப்புரை, வாராந்த ஓய்வும் சம்பளத்துடன் கூடிய வருடாந்த விடுமுறையும் தொழிலாளியின் உரிமை என்கிறது. அந்த உரிமையைத் தொழிலாளி தானாகவே விட்டுக்கொடுக்கவும் முடியாது. வீட்டுப் பணியாளருக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தத்தின்படி வருடத்துக்கு 26 வேலை நாட்கள் சம்பள விடுமுறை உண்டு.

இந்த அரசியலமைப்பை எழுதிய சபை, உலக யுத்தத்தால் நொந்துபோன ஒரு நாட்டில் 1946 யூன் 2இல் தெரிவு செய்யப்பட்டது. இத்தாலியப் பெண்கள் நாடளாவிய தேர்தலில் முதன்முதலாக வாக்களித்ததும் அன்றுதான். சபையின் 556 உறுப்பினர்களில் 21 பேர் பெண்கள். தங்கை இதை விளங்கப்படுத்திய பிறகு பெரியம்மா லீவைப் பற்றிப் பேசவில்லை. "அப்ப அந்த ஒன்பது நாளையும் வீணாக்கக் கூடாது" என்றார்.

நாளை விட்டு இரவை எண்ணுங்கள்

ஒன்பது நாள் என்றால் எட்டு இரவு. ஒரு ஊரில் ஓர் இரவு மட்டும் தங்கினால், வந்து இறங்கி அறையைத் தேடுவதில் ஒரு பாதி நாளும், பொதி கட்டி வெளிக்கிடுவதில் இன்னொரு பாதி நாளும் போய்விடும். எட்டு ஊரில் எட்டு இரவு தங்கினால் முழுதாகப் பார்ப்பதற்கு ஒரு நாளும் மிஞ்சாது.

இத்தாலியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வழி தெரியும். நாட்டின் நடுவில் ரோம். அங்கிருந்து வடக்கே விரைவுப் புகையிரதத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் புளோரன்ஸ். அதிலிருந்து மலைகளைக் குடைந்த சுரங்கப் பாதையால் சுமார் 40 நிமிடத்தில் பொலோஞ்ஞா. இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் வெனிஸ். வெனிசுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக பாதுவா. ஐந்தும் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றன. எனவே ரோமில் மூன்று இரவு, புளோரன்சில் மூன்று இரவு, வெனிசில் இரண்டு இரவு என்று வைத்தோம். பொலோஞ்ஞாவில் போகும் வழியிலும் பாதுவாவில் திரும்பும் வழியிலும் சில மணித்தியாலம் இறங்குவது என்று முடிவாயிற்று. வழியில் இறங்குவதற்குத் தனியாக ஓர் இரவு தேவையில்லை. பொதிகளை நிலையத்திலேயே பணம் கட்டி வைக்கலாம்.

நேப்பிள்ஸ், பீசா, மிலான் மூன்றும் வெட்டுப்பட்டன. பீசாவின் சாய்ந்த கோபுரத்தை வெட்டத் தங்கைக்கு மனம் வரவில்லை. புளோரன்சிலிருந்து போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், அங்கே வரிசையில் நிற்க இன்னும் நேரம். "சாஞ்ச கோபுரத்தைப் படத்தில பாத்தாச்சு" என்று பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னார்.

ரோம்: மூன்று இரவு

ரோமில் பார்க்க இருப்பவற்றுக்கு மூன்று மாதமும் போதாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் என்று வைத்தோம். முதல் நாள் கொலோசியம். கி.பி. 80இல் திறக்கப்பட்ட இந்த அரங்குக்குள் போக நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே பதிய வேண்டும். மறுநாள் வத்திக்கான். புனித பேதுரு பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமானது, காலையில் வெள்ளெனப் போவது நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. சேலை கட்டியவருக்கு இதில் கஷ்டமேயில்லை. வத்திக்கான் நூதனசாலை மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பூட்டியிருக்கும்.

மூன்றாம் நாளை நடைக்கு விட்டோம். தெருவோரக் குழாய்களில் குடிதண்ணீர் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. போத்தலை நிரப்பிக்கொண்டு நடக்கலாம். திரேவி நீரூற்றில் உல்லாசப் பயணிகள் எறியும் காசு அள்ளப்பட்டு கரித்தாஸ் தொண்டு நிறுவனத்தின் ஊடாக வறியவர்களுக்குப் போகிறது. இதைக் கேட்ட பெரியம்மா ஒன்றுக்கு இரண்டு காசு போட்டார். எஸ்குலீனோ பகுதிச் சந்தையில் பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பாசிப்பயறு எல்லாம் கிடைக்கின்றன. வீட்டுப் பணியாளருக்கு வழக்கமாக வியாழன் பிற்பகலும் ஞாயிறும் ஓய்வு. அந்த நேரங்களில் பூங்கா இருக்கைகளில் பல நாட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக அமர்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதைக் காணலாம். தங்கையின் ரோம் அதுதான். அந்த இருக்கையில் அரை நாள் இருந்ததும் எங்கள் பங்கீட்டில் சேர்ந்தது.

புளோரன்ஸ்: மூன்று இரவு

புளோரன்சுக்கு எல்லோரும் ஓவியங்களுக்காகப் போகிறார்கள். நாங்களும் உஃபீசி கலைக்கூடத்துக்குப் போனோம். திங்கட்கிழமை பூட்டு என்பதை நினைவில் வையுங்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஆர்னோ ஆறு வருகிறது. 1944 ஓகஸ்டில் பின்வாங்கிய ஜேர்மன் படை, நகரின் பாலங்களில் பழைய பாலமான பொந்தே வெக்கியோ ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தகர்த்தது. அதற்கு அடுத்து இருந்த சாந்தா திரினீத்தா பாலத்தை மக்கள் ஆற்றில் விழுந்த கற்களைத் தேடி எடுத்தே மீளக் கட்டினார்கள். 1958இல் பாலம் திறக்கப்பட்டது. அதன் மூலையில் நிற்கும் வசந்த தேவதைச் சிலையின் தலை மட்டும் அகப்படவில்லை. 1961இல் ஆற்றுப் படுக்கையில் அதுவும் கிடைத்தது. தலை ஒட்டப்பட்ட இடத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறது.

பீசாவுக்குப் போகாமல் மிச்சம் பிடித்த நாளை ஒரு பழைய அநாதை இல்லத்துக்குக் கொடுத்தோம். சமூகப் பணி செய்பவள் என்ற முறையில் இது என் பங்காகக் கேட்டு வாங்கியது. 'இன்னொசெந்தி', அதாவது மாசற்றவர்களின் இல்லம் என்று பெயர். பட்டு வணிகர் சங்கத்தின் பணத்தில், புரூனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1419இல் வேலை தொடங்கியது. 1445 பெப்ரவரி 5இல் முதல் குழந்தை வந்து சேர்ந்தது. அது ஒரு பெண் குழந்தை. முகப்பில் நீல வட்டங்களுக்குள் துணியால் சுற்றிய குழந்தை உருவங்கள் வரிசையாக இருக்கின்றன.

உள்ளே உள்ள நூதனசாலையில் சிறு சிறு இழுப்பறைகள் நிறைந்த ஒரு பகுதி உண்டு. குழந்தையை விட்டுச் சென்ற தாய்மார் அதனுடன் வைத்த அடையாளங்கள் அவற்றில் இருக்கின்றன. பாதியாக வெட்டிய பதக்கம், ஒரு மணி, சிறு சிலுவை, நாடாத் துண்டு. மறு பாதியைத் தாய் தன்னிடம் வைத்துக்கொள்வாள். என்றோ ஒரு நாள் திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பிள்ளையைக் கேட்கலாம். வறுமையும் ஊர்ப்பேச்சும் சேர்ந்து ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதைச் சமூகவியலில் அதிகாரங்களாகப் படித்திருக்கிறேன். அந்தப் பாதிப் பதக்கத்தைப் பார்க்கும்போது விளங்கிய அளவு வேறு. பெயர் தெரியாமல் பிள்ளையை விட்டுச் செல்லும் வழி அங்கே 1875இல் மூடப்பட்டது.

பொலோஞ்ஞா: ஐந்து மணித்தியாலம்

ரோம், புளோரன்ஸ், வெனிஸ் போகிறவர்கள் பொலோஞ்ஞாவைப் புகையிரத யன்னலால்தான் பார்க்கிறார்கள். காலையில் இறங்கி மாலையில் ஏறினோம்.

நிலையத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. 1980 ஓகஸ்ட் 2இல், விடுமுறைக்குப் போகும் சனம் நிறைந்திருந்த காத்திருப்பு அறையில் குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தனர். இருநூறுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். வெளிச்சுவரில் உள்ள மணிக்கூடு இன்றும் 10.25ஐக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சுவரில் பிளந்த ஓர் இடத்தை அப்படியே விட்டு, அருகே இறந்தவர்களின் பெயரையும் வயதையும் பொறித்திருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தையின் பெயரும் அதில் உண்டு. இறந்தவர்களின் குடும்பத்தினர் 1981இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, வழக்கு வழக்காக உண்மையைக் கேட்டு வருகின்றனர். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 2 அன்று 10.25க்கு நகரம் அங்கே கூடி நிற்கிறது.

நிலையத்திலிருந்து நகர மையத்துக்குக் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நடை. வழியெல்லாம் கூரையிட்ட தூண் நடைபாதைகள். நகரம் முழுவதும் சேர்த்து 62 கிலோமீற்றர் நீளமான இவை 2021இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. வெயிலோ மழையோ படாமல் பெரியம்மாவால் ஆறுதலாக நடக்க முடிந்தது.

நெத்தூனோ சதுக்கத்தில் நகர மண்டபத்தின் சுவர் ஒன்று இருக்கிறது. உலக யுத்தக் காலத்தில், ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களை அந்தச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1945 ஏப்ரல் 21இல் நகரம் விடுவிக்கப்பட்டதும் பெண்கள் தங்கள் பிள்ளைகளின், கணவன்மாரின் படங்களைக் கொண்டுவந்து பூக்களுடன் அதே சுவரில் வைத்தார்கள். அரசாங்கம் ஏதும் சொல்வதற்கு முன்பே, தாங்களாகவே செய்தார்கள். பின்னர் நகரசபை அதை நிரந்தர நினைவிடமாக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்கள் இப்போது அங்கே இருக்கின்றன. பெண்களின் முகங்களும் உண்டு.

பெரியம்மா தன் மூத்த மகனை 2009 மே மாதத்திலிருந்து தேடுகிறவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் தொடங்கிய போராட்டத்தில் அவரும் மகனின் படத்தை ஏந்திப் பல நாள் இருந்திருக்கிறார். அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"இதெல்லாம் தாய்மார் கொண்டந்து வச்சதோ?"

"ஓம் பெரியம்மா."

"ஒருத்தரும் கழட்டேல்லையே?"

"இல்லை. நகரசபைதான் பராமரிக்குது."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துப் படிக்கட்டில் இருந்து, கொண்டுபோன பாணைச் சாப்பிட்டோம். வெனிஸ் வண்டிக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. வேறெங்கும் போக வேண்டாம் என்றார். அந்த இரண்டு மணித்தியாலமும் அங்கேயே இருந்தோம். நெருக்கிய திட்டத்தில் இதற்கு இடம் இருந்திருக்காது.

வெனிஸ்: இரண்டு இரவு

வெனிஸ் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளில் எழுந்த நகரம். நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் உண்டு. வாகனம் கிடையாது, பாலங்களுக்குப் படி உண்டு. முழங்கால் வருத்தக்காரர் படகு நிறுத்தத்துக்கு அண்மையில் அறை எடுப்பது புத்தி. படகுக்கான ஒற்றைச் சீட்டு ஏறத்தாழ 10 யூரோ. ஒரு நாளில் மூன்று தரமாவது ஏறுவதானால் நாட்சீட்டு இலாபம். 2024 முதல், வசந்த கோடை காலத்தின் குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குவோருக்கு அது இல்லை. ஆனாலும் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும்.

எங்களுக்கு இருந்த ஒரே முழு நாளில் பாதியை புரானோ தீவுக்குக் கொடுத்தோம். படகில் முக்கால் மணித்தியாலம். வீடுகளுக்குக் கடும் நிறங்கள் பூசிய மீனவத் தீவு. 1872இல் குளிர் மிகுந்து மீன்பிடி படுத்துவிட, குடும்பங்கள் பசியில் வாடின. தீவின் பழைய ரேந்தைத் தையல் அப்போது மறைந்துபோகும் நிலையில் இருந்தது. அதன் நுணுக்கம் தெரிந்த ஒரு முதிய பெண் எஞ்சியிருந்தார். அவரிடம் ஒரு பள்ளி ஆசிரியை கற்று, மற்றப் பெண்களுக்குக் கற்பிக்க, ரேந்தைப் பள்ளி ஒன்று உருவானது. பல குடும்பங்களில் பெண்ணின் ஊசியே அடுப்பை எரித்தது. அந்தப் பள்ளி இருந்த கட்டடம் இன்று நூதனசாலை. ஒரு துண்டை ஒருத்தியே முடிப்பதில்லை. ஒவ்வொருத்தியும் தனக்குக் கைவந்த தையலைப் போட்டு அடுத்தவளிடம் கொடுப்பாள். இன்று கடைகளில் மலிவாகத் தொங்குபவற்றில் பல இயந்திரத்தில் செய்து வெளியிலிருந்து வருபவை. கைவேலை என்றால் விலையிலேயே தெரியும். சுயதொழில் செய்யும் எமது பெண்கள் சந்திக்கும் அதே போட்டிதான் அங்கேயும்.

பாதுவா: மூன்று மணித்தியாலம்

ஒன்பதாம் நாள் காலை ரோமுக்குத் திரும்பும் வழியில் பாதுவாவில் இறங்கினோம். இது பெரியம்மா கேட்ட இடம். நாங்கள் சைவக் குடும்பம்தான். ஆனாலும் அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தாத அம்மா எங்கள் பக்கத்தில் குறைவு. 1231இல் இறந்த அந்தோனியாரின் கல்லறை அந்தப் பேராலயத்தில் இருக்கிறது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. கல்லறைப் பளிங்கில் கையை வைத்து வேண்டுவார்கள். சுற்றிவர மக்கள் வைத்துப்போன படங்களும் கடிதங்களும் இருக்கின்றன.

பெரியம்மா கைப்பையிலிருந்து மகனின் சிறிய படத்தை எடுத்தார். பளிங்கில் ஒரு நிமிடம் ஒற்றி வைத்தார். பிறகு அதை அங்கே விடாமல் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

விட்டவை

நேப்பிள்சையும் பலெர்மோவையும் விட்டது எனக்குக் குறைதான். சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் எம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அந்நகரின் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் மலைக்குகைக் கோயிலுக்கு, சைவர்களும் கத்தோலிக்கருமாகத் தமிழர் ஞாயிறுகளில் மலை ஏறிப் போவது ஊரறிந்த விடயம். ரோமிலிருந்து புகையிரதத்தில் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கடலைக் கடக்க வண்டியையே கப்பலில் ஏற்றுகிறார்கள். ஒன்பது நாளில் அதற்கு இடமில்லை. அங்கே சொந்தம் உள்ளவர்கள் பலெர்மோவில் தொடங்கி, வடக்கை முழுதாக விடலாம்.

பங்கிடும்போது நினைவில் வைக்க

ஓர் ஊருக்கு இரண்டு இரவுக்குக் குறையாமல் வையுங்கள். ஒரு கிழமைக்கு மூன்று ஊருக்கு மேல் வேண்டாம்.

வழியில் உள்ள ஊரில் இறங்கி ஏறுங்கள். விரைவு வண்டிகளில் ஆசனம் முன்கூட்டியே பதிந்தால் மலிவு. பிரதேச வண்டிக்குக் கடதாசிச் சீட்டு எடுத்தால், ஏறுமுன் மேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். தவறினால் தண்டப்பணம்.

அறை வாடகையுடன் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் வரும். கோப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்து குடித்தால் கூடிய விலை.

இரண்டு நாளுக்கு ஒரு தரமாவது ஒன்றுமே எழுதாத அரை நாள் ஒன்றைத் திட்டத்தில் விடுங்கள்.

கூடப் போகும் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைச் சொல்லட்டும், ஓர் இடத்தை விடட்டும். அம்மாவை முதலில் சொல்லவிடுங்கள். "உங்களுக்கு எது வசதியோ அது" என்று அவர் சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.